வால்பேப்பர் வெச்சா போன் அவுட்... கலர் செட்டிங் மாத்தினா எடிட்டிங் ஆப் கிராஷ்... என்னதான் நடக்குது உள்ளே?

ஒரு ஏரி, சுற்றிலும் மலைகள், மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கும் பொன் வெளிச்சம். பார்த்ததுமே 'வால்பேப்பரா வெச்சுடலாம்' எனத் தோன்றும் படம். 2020 மே மாதக் கடைசியில் அப்படி வைத்த பலரின் ஆண்ட்ராய்டு போன்கள், அடுத்த நொடியே திரை அணைவதும் எரிவதுமாகத் தவிக்க ஆரம்பித்தன. ஆஃப் செய்து ஆன் செய்தாலும் அதே கதைதான். லாக் ஸ்க்ரீனைத் தாண்டவே முடியவில்லை. சாம்சங், கூகுள் பிக்சல் போன்களும் தப்பவில்லை.

'எவனோ படத்துக்குள்ள வைரஸ் வெச்சுட்டான்' என்றுதான் முதலில் பேச்சு கிளம்பியது. வைரஸும் இல்லை, ஹேக்கிங்கும் இல்லை. 2019 ஆகஸ்ட்டில், அமெரிக்காவின் மான்டானா மாகாணத்தில் உள்ள கிளேசியர் தேசியப் பூங்காவில், செயின்ட் மேரி ஏரிக்கரையில் நின்று ஒருவர் ஆசையாக எடுத்த போட்டோ அது. லைட்ரூமில் எடிட் செய்தவர், கடைசியாகச் சேமிக்கும்போது 'கலர் ஸ்பேஸ்' என்ற இடத்தில் இருந்த ஆப்ஷன்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அவர் செய்தது அவ்வளவுதான். அந்த ஒரு தேர்வைச் சில போன்களால் ஜீரணிக்க முடியவில்லை.

கம்ப்யூட்டரில் போட்டோ எடிட் செய்யும் நண்பர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். 'கலர் செட்டிங்ஸ்ல எதையோ மாத்தினேன்... அப்புறம் சாஃப்ட்வேர் ஓப்பனே ஆக மாட்டேங்குது' என்று ஒருமுறையாவது புலம்பியிருப்பார்கள். ஏரி படத்தின் கதையைப் புரிந்துகொண்டால், இந்தப் புலம்பலுக்கும் வைத்தியம் தெரிந்துவிடும்.

எண் ஒண்ணுதான்... படி வேற!

உங்கள் போட்டோவில் நிறம் என்று எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் எண்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 'பச்சை 255' என்றால் 'இருப்பதிலேயே அடர்த்தியான பச்சை' என்று அர்த்தம். சரி, எதில் இருப்பதிலேயே? அங்கேதான் சிக்கல்.

வீட்டில் பாட்டி இருந்தால் 'படி' பற்றிக் கேளுங்கள். பட்டணம் படி ஒரு அளவு, சின்னப் படி வேறொரு அளவு. 'மூணு படி அரிசி' என்று மட்டும் சொன்னால் எவ்வளவு அரிசி என்று யாராலும் சொல்ல முடியாது. எந்தப் படி என்று தெரிய வேண்டும். கலர் ஸ்பேஸ் என்பது அந்தப் படிதான்.

இணையம், போன், டிவி என எல்லா இடத்திலும் புழங்கும் சின்னப் படியின் பெயர் எஸ்ஆர்ஜிபி. 1996-ல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து கொண்டுவந்தது. அன்றைய குண்டு மானிட்டர்கள் காட்டக்கூடிய நிறங்களை மனதில் வைத்து உருவாக்கியதால் கொஞ்சம் சின்னதுதான். அதைவிடப் பெரியது அடோபி ஆர்ஜிபி. ஐபோன் 7 காலத்திலிருந்து ஆப்பிள் போன்கள் படம் எடுப்பது டிஸ்ப்ளே பி3 என்கிற, இதுவும் பெரிய படியில். எல்லாவற்றையும்விடப் பெரிய அண்டா, கோடாக் உருவாக்கிய புரோபோட்டோ ஆர்ஜிபி. அதில் மனிதக் கண்ணால் பார்க்கவே முடியாத 'நிறங்களுக்கும்' இடம் இருக்கிறது!

இந்தப் படிகளில் அடோபி ஆர்ஜிபிக்குப் பின்னால் ஒரு ஜாலியான பிறப்புக் கதை உண்டு. 1998-ல் போட்டோஷாப் 5 தயாரானபோது, டிவி துறையின் ஒரு தர ஆவணத்திலிருந்து எண்களை எடுத்து அதே தரத்தின் பெயரில் உள்ளே வைத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்த எண்கள் உண்மையான தரத்தோடு ஒத்துப்போகவில்லை. சிவப்பு நிறத்துக்கான எண்ணையே மாற்றி எழுதியிருக்கிறார்கள். அதற்குள் பயன்படுத்தியவர்களுக்கு அந்த விரிந்த நிறங்கள் பிடித்துப்போய்விட்டன. திருத்திப் பார்த்தும் பழசே நன்றாக இருந்ததால், எண்களை அப்படியே விட்டுவிட்டு பெயரை மட்டும் மாற்றினார்கள். அதுதான் இன்றைக்கு விலை உயர்ந்த கேமராக்களின் மெனுவில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் அடோபி ஆர்ஜிபி.

'இந்தப் படத்தை இந்தப் படியில் அளந்திருக்கு' என்று படத்தோடு ஒட்டிவரும் சீட்டுக்குப் பெயர் ஐசிசி புரொஃபைல். 1993-ல் அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் உட்பட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஆரம்பித்த கூட்டமைப்பின் பெயர் அது. படத்துக்கு ஒரு சீட்டு, மானிட்டருக்கு ஒரு சீட்டு, பிரின்ட்டருக்கு ஒரு சீட்டு. இந்தச் சீட்டுகளைப் படித்து, ஒரு படியில் இருப்பதை இன்னொரு படிக்கு மாற்றி அளந்து கொடுக்கும் வேலைதான் கலர் மேனேஜ்மென்ட்.

256 பெட்டிதான் இருக்கு... அடுத்தது எங்கே?

இப்போது ஏரிக்குத் திரும்புவோம். ஆண்ட்ராய்டு 10-ல், வால்பேப்பர் எவ்வளவு பிரகாசமாக அல்லது இருட்டாக இருக்கிறது என்று சிஸ்டம் ஒரு கணக்குப் போடும். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பில் 21.26 சதவிகிதம், பச்சையில் 71.52 சதவிகிதம், நீலத்தில் 7.22 சதவிகிதம் எடுத்துக் கூட்டும். நம் கண் பச்சைக்குத்தான் அதிகம் மயங்கும் என்பதால் பச்சைக்குப் பெரிய பங்கு. மூன்றையும் கூட்டினால் சரியாக 100. ஆக, விடை எப்போதும் 0-க்கும் 255-க்கும் நடுவில்தான் வர வேண்டும். அதனால் 0 முதல் 255 வரை எண் போட்ட 256 பெட்டிகளை வரிசையாக வைத்து, எந்த விடை வருகிறதோ அந்தப் பெட்டியில் ஒன்று போடச் சொல்லியிருந்தார்கள்.

எஸ்ஆர்ஜிபி படத்துக்கு இது கச்சிதமாக வேலை செய்யும். ஏரி படமோ வேறு படியில் அளந்தது. சதவிகிதம் எடுத்தது படத்தின் சொந்தப் படியில். விடையைப் படித்தது எஸ்ஆர்ஜிபி படியில். நடுவில் நடந்த அந்த மாற்றத்தில் எண்கள் கொஞ்சம் ஏறிவிட, சில புள்ளிகளின் கூட்டுத்தொகை 255-ஐத் தாண்டியது. அந்த எண்ணுக்குப் பெட்டி இல்லை. இல்லாத பெட்டியைத் திறக்கப்போன புரோகிராம் அங்கேயே விழுந்தது.

விழுந்தது சாதாரண ஆப் என்றால் மூடிவிட்டுப் போகலாம். விழுந்தது லாக் ஸ்க்ரீனையும் நோட்டிஃபிகேஷன் பட்டையையும் காட்டும் சிஸ்டம் யூஐ. அது விழுந்ததும் ஆண்ட்ராய்டு அதை மறுபடி எழுப்பும். எழுந்ததும் அது செய்யும் வேலை? வால்பேப்பரைப் படிப்பது! மறுபடி விழும். மறுபடி எழும். வால்பேப்பரை மாற்ற செட்டிங்ஸுக்குப் போக வேண்டும். செட்டிங்ஸுக்குப் போக லாக் ஸ்க்ரீனைத் தாண்ட வேண்டும். கிணற்றுக்குள் விழுந்த சாவி, அந்தக் கிணற்று மூடிக்கான சாவி மாதிரி.

சிலர் திரை எரிந்த இரண்டு நொடிக்குள் விரட்டி விரட்டி வால்பேப்பரை மாற்றித் தப்பித்தார்கள். சிலருக்கு சேஃப் மோட் கைகொடுத்தது. பலருக்கு ஃபேக்டரி ரீசெட்தான் கதி. பேக்கப் எடுக்காதவர்களுக்குப் போட்டோ, சாட், காண்டாக்ட் எல்லாம் போச்சு. லாக்டௌன் காலம் வேறு. நினைத்தவுடன் சர்வீஸ் சென்டருக்கு ஓடவும் முடியாது. 2020 செப்டம்பரில் வந்த ஆண்ட்ராய்டு 11, இப்படிப்பட்ட படங்களை முதலிலேயே எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குகிறது. அந்தப் படத்தையே வேறு கலர் ஸ்பேஸில் மறுபடி சேமித்து வைத்தால், பழைய போனிலும் ஒன்றும் ஆகாது என்பதுதான் இதில் வேடிக்கை.

எடிட்டிங் சாஃப்ட்வேர் விழுவதும் இப்படித்தான்

போட்டோஷாப், லைட்ரூம், ஜிம்ப், டார்க்டேபிள், கிரிட்டா... எதுவாக இருந்தாலும், படத்தைத் திரையில் காட்டும் முன்பு சில விஷயங்களைப் படித்தாக வேண்டும். நீங்கள் கடைசியாகச் சேமித்த கலர் செட்டிங்ஸ் என்ன, உங்கள் மானிட்டரின் புரொஃபைல் எது, அந்த ஃபைல் எங்கே இருக்கிறது. இதில் ஏதாவது ஒன்று காணாமல் போயிருந்தாலோ, உடைந்திருந்தாலோ, நன்றாக எழுதப்பட்ட சாஃப்ட்வேர் 'இந்த புரொஃபைல் சரியில்லை' என்று எச்சரித்துவிட்டு எஸ்ஆர்ஜிபியோடு சமாளித்துக்கொள்ளும். மானிட்டர் புரொஃபைல் பழுது என்று போட்டோஷாப் திறக்கும்போது சொல்வதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஓகே தட்டிவிட்டு மறந்தும் இருப்பீர்கள். அசட்டையாக எழுதப்பட்ட சாஃப்ட்வேரோ இல்லாத பெட்டியைத் திறக்கப் போகும்.

புரொஃபைல் ஃபைல் எப்படி உடையும்? அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல் இல்லை. முதல் 128 பைட் ஒரு தலைப்பகுதி. 'என் மொத்த அளவு இவ்வளவு' என்று ஃபைல் தன்னைப் பற்றிச் சொல்வது அங்கேதான். அதைத் தொடர்ந்து, எந்தத் தகவல் எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்ற பட்டியல். பாதியில் நின்ற டவுன்லோடு, தப்பாக எழுதிய மானிட்டர் டூல் என ஏதோ ஒரு காரணத்தால் சொன்ன அளவும் இருக்கும் அளவும் பொருந்தாமல் போனால், நம்பிப் படிக்கப்போன சாஃப்ட்வேர் ஃபைலுக்கு வெளியே போய்விடும். கிராஷ்.

இதில் முக்கியமான விஷயம், நீங்கள் எதையும் தொடாமலேயே செட்டிங் மாறலாம். விண்டோஸ் அப்டேட்டோடு மானிட்டர் கம்பெனியின் புரொஃபைலும் சேர்ந்து வரும். லேப்டாப்பில் முன்பே போட்டுத்தந்த 'சினிமா மோட், விவிட் மோட்' வகையறா ஆப்கள் பின்னணியில் புரொஃபைலை மாற்றும். புது மானிட்டர் மாட்டினாலும் ஹெச்டிஆரை ஆன் செய்தாலும் கதை மாறும். 'நான் ஒண்ணுமே பண்ணலையே' என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

ஒவ்வொருமுறையும் கிராஷ் ஆவதற்கும் ஏரி படத்தின் காரணமேதான். மாற்றிய செட்டிங் சேமிக்கப்பட்டுவிட்டது. ஆப் திறக்கும்போதே அதைப் படித்து விழுகிறது. மெனுவுக்குப் போய் மாற்றலாம் என்றால் மெனு வரும்வரை அது உயிரோடு இருப்பதில்லை. சரி, அன்-இன்ஸ்டால் செய்து மறுபடி போடலாம் என்று ஒரு ராத்திரியையும் ஒரு நாள் டேட்டாவையும் காலி செய்வார்கள். திறந்தால் மறுபடி கிராஷ்! ஏனென்றால் செட்டிங்ஸ் ஃபைல் பெரும்பாலும் உங்கள் யூஸர் ஃபோல்டரில் தனியாக உட்கார்ந்திருக்கும். அன்-இன்ஸ்டால் அதைத் தொடாமல் விட்டுவிடலாம். மானிட்டர் புரொஃபைலோ விண்டோஸின் சொத்து, அந்த ஆப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மெமரி இல்லைன்னு சொன்னா நம்பாதீங்க

விண்டோஸின் பழைய போட்டோ வியூவரில் ஒரு பிரபலமான பொய் உண்டு. சின்ன ஜேபெக் படத்தைத் திறந்தாலும், கம்ப்யூட்டரில் போதுமான மெமரி இல்லாமல் இருக்கலாம், அதனால் படத்தைக் காட்ட முடியவில்லை என்று சொல்லும். 16 ஜிபி ரேம் உள்ள மெஷினிலும் இதையேதான் சொல்லும். பல நேரங்களில் உண்மையான காரணம் மானிட்டரின் கலர் புரொஃபைல். அதை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றியதும் படம் சாதுவாகத் திறக்கும். பாவம், இந்த மெசேஜை நம்பி ரேம் வாங்கியவர்களும் இருப்பார்கள். என்னைக் கேட்டால், கிராஷைவிட மோசமானது இப்படித் தப்பான காரணம் சொல்வதுதான். கிராஷ் ஆனால் தேடுவோம். காரணம் சொல்லிவிட்டால் அந்தப் பக்கமே ஓடுவோம்.

எங்கே கை வைக்கலாம்?

முதலில் எப்போது விழுகிறது என்று கவனியுங்கள். எந்தப் படமும் திறக்காமல், ஆப்பைத் தட்டியதுமே விழுந்தால் சந்தேகம் மானிட்டர் புரொஃபைல் மேலும் சேமித்த செட்டிங்ஸ் மேலும் போக வேண்டும். எல்லாப் படமும் திறந்து ஒரே ஒரு படத்துக்கு மட்டும் விழுந்தால், அந்தப் படத்தோடு ஒட்டிவந்த சீட்டுதான் குற்றவாளி. பிரின்ட் கொடுக்கும்போது மட்டும் என்றால் பிரின்ட்டர் புரொஃபைலைப் பாருங்கள்.

மானிட்டர் புரொஃபைலை மாற்ற எடிட்டிங் ஆப்பைத் திறக்கவே தேவையில்லை. விண்டோஸ் சர்ச்சில் 'கலர் மேனேஜ்மென்ட்' என்று தேடித் திறந்து, உங்கள் மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, 'இந்த டிவைஸுக்கு என் செட்டிங்ஸைப் பயன்படுத்து' என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். எஸ்ஆர்ஜிபி புரொஃபைலைச் சேர்த்து அதை டிஃபால்ட் ஆக்குங்கள். பழையதை டெலீட் செய்ய வேண்டாம். பின்னால் அது நிரபராதி என்று தெரியவந்தால் திரும்ப வேண்டுமே! மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போனால் கலர் புரொஃபைல் பட்டியல் அங்கேயே இருக்கும்.

அதிலும் சரியாகவில்லை என்றால் ஆப்பின் செட்டிங்ஸ். போட்டோஷாப்பைத் திறக்கும் அந்த நொடியிலேயே விண்டோஸில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் (மேக்கில் கமாண்ட், ஆப்ஷன், ஷிஃப்ட்) அழுத்திப் பிடித்தால், செட்டிங்ஸ் ஃபைலை அழிக்கட்டுமா என்று கேட்கும். சரி என்றால் புதுசாகப் பிறந்ததுபோல் திறக்கும். ஆனால், வருஷக்கணக்கில் சேர்த்த பிரஷ், ஆக்‌ஷன் எல்லாம் வைத்திருப்பவர்கள் முதலில் செட்டிங்ஸ் ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்துவிடுங்கள். ஜிம்ப் போன்ற ஆப்களில் செட்டிங்ஸ் ஃபோல்டரின் பெயரை மாற்றி வைத்தாலே போதும்; ஆப் தானாகவே புது ஃபோல்டர் உருவாக்கிக்கொள்ளும். பிரச்னை அதில் இல்லை என்றால் பழைய பெயரையே திரும்பக் கொடுத்துவிடலாம்.

கிராபிக்ஸ் கார்டையும் ஒருமுறை சந்தேகப்படலாம். திரைக்கான நிறமாற்றத்தை வேகத்துக்காகப் பல ஆப்கள் அதனிடம்தான் ஒப்படைக்கின்றன. போட்டோஷாப் செட்டிங்ஸில் 'கிராபிக்ஸ் புராசஸர்' டிக்கை எடுத்துப் பாருங்கள். விழுவது நின்றால், டிரைவரை அப்டேட் செய்ய வேண்டிய நேரம்.

விஎஃப்எக்ஸ், அனிமேஷன் படிக்கிற மாணவர்களுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. சோனி பிக்சர்ஸ் இமேஜ்வொர்க்ஸ் 2010-ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஓப்பன்கலர்ஐஓவை பிளெண்டர், நியூக், கிரிட்டா எல்லாம் பயன்படுத்துகின்றன. அதன் கான்ஃபிக் ஃபைல் எங்கே என்று சிஸ்டத்தில் ஒரே ஓர் இடத்தில் எழுதி வைத்தால், எல்லா ஆப்களும் அதையே படிக்கும். ஒரு ஆப்புக்காகப் புது வெர்ஷன் கான்ஃபிக் போட்டால், பழைய வெர்ஷன் மட்டுமே தெரிந்த இன்னொரு ஆப் திணறும். ஃபோல்டரை நகர்த்தினாலும் அதே வம்பு. ஓசிஐஓ என்ற அந்த என்விரான்மென்ட் வேரியபிளைத் தற்காலிகமாக நீக்கிவிட்டுத் திறந்து பாருங்கள்.

அசைன் வேற, கன்வெர்ட் வேற

ஒரே ஒரு படம்தான் வம்பு செய்கிறது என்றால் அதை வேறொரு ஆப்பில் திறந்து எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிப் புதுப் பெயரில் சேமிக்கலாம். அங்கே 'அசைன் புரொஃபைல்', 'கன்வெர்ட் டு புரொஃபைல்' என இரண்டு ஆப்ஷன் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பலர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தட்டுவார்கள். அசைன் என்பது மூட்டை மேல் இருக்கும் சீட்டை மட்டும் மாற்றுவது. உள்ளே இருக்கும் எண்கள் அப்படியே இருக்கும். அதனால் நிறம் மாறிவிடும். கன்வெர்ட் என்பது அரிசியைக் கொட்டி, புதுப் படியில் அளந்து கட்டுவது. எண்கள் மாறும், நிறம் கூடியவரை அப்படியே இருக்கும். உங்களுக்கு வேண்டியது கன்வெர்ட்.

பெரிய படியில் இருக்கும் படத்தை, சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அனுப்பினால் என்ன ஆகும் தெரியுமா? பார்க்கும் ஆப் அதை எஸ்ஆர்ஜிபி என்றே நினைத்துக்கொள்ளும். முகமெல்லாம் வெளிறி, பட்டுப்புடவை சாயம்போன மாதிரி தெரியும். 'எடிட் பண்ணும்போது பளிச்னு இருந்துச்சு, பிரின்ட்ல செத்துப்போச்சு' என்று கல்யாண ஆல்பம் சண்டைகளில் கேட்கும் வசனத்துக்கு இதுவும் ஒரு காரணம். லேபுக்கு அனுப்பும் முன்பு எந்தக் கலர் ஸ்பேஸ் வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்க முடியாவிட்டால் எஸ்ஆர்ஜிபியில் அனுப்புங்கள்.

போனிலேயே எடிட் செய்கிறவர்களுக்கும் இதேதான். எக்ஸ்போர்ட் செய்யும் இடத்தில் கலர் ஸ்பேஸ் கேட்டால், ஷேர் செய்யவும் வால்பேப்பருக்கும் எஸ்ஆர்ஜிபி போதும். புரோபோட்டோ போன்ற அண்டாக்கள் 16-பிட்டில் எடிட் செய்யும்போதுதான் பயன். 256 படிக்கட்டுகளை அவ்வளவு பெரிய இடத்தில் பரப்பினால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். போன் டிஸ்ப்ளேயில் 'விவிட், நேச்சுரல்' என்று மாற்றுவதும், இரவில் மஞ்சளாக்கும் கண் பாதுகாப்பு மோடும் திரையை மட்டுமே மாற்றும், போட்டோவைத் தொடாது. ஆனால் அந்த மஞ்சள் மோடை ஆனில் வைத்துக்கொண்டு ஸ்கின் டோன் எடிட் செய்து போஸ்ட் போட்டால், காலையில் எல்லோரும் நீலமாகத் தெரிவார்கள். எடிட் செய்யும் நேரத்துக்கு மட்டும் அதை ஆஃப் செய்துவிடுங்கள், பாஸ்.